இரத்தக் குழாயில் சல்லடை: வைப்பதும் எடுப்பதும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாதாரணமாக மேடைகளில் பேசப்படுகிற விஷயமல்ல. இரத்தக் குழாய்க்குள் வைக்கப்படுகின்ற ஒரு சிறு கம்பிச் சல்லடையைப் பற்றிப் பேசப் போகிறேன். “இதில் நமக்கென்ன வேலை? டாக்டர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?” என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் வைத்தியம் படித்தவனல்ல. காலேஜுப் பக்கம் போனவனுமல்ல. வைத்தியப் பத்திரிகைகளையும் அறிக்கைகளையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். அப்படியிருந்தும் ஏன் சொல்ல வேண்டும் என்றால், நம்மில் யாராவது ஒருவர் நாளைக்குத் தொடை எலும்பு முறிந்தோ, தலையில் அடிபட்டோ ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடலாம். அப்போது நம் வீட்டார் கையில் ஒரு காகிதம் கொடுக்கப்பட்டு, “இதில் கையெழுத்துப் போடுங்கள், காலிலிருந்து இரத்தக்கட்டி மேலே போகாமலிருக்க ஒரு சல்லடை வைக்கிறோம்” என்று சொல்லப்படலாம். என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவன் தன் அறிவை அடகு வைக்கிறவனேயாவான்.

இந்தச் சல்லடையில் ஒரு விசேஷமிருக்கின்றது. இது பயந்திருக்கிற நாளில் உள்ளே போகின்றது. பயம் தீர்ந்த நாளில் வெளியே வரவேண்டும். ஆனால் பயம் தீர்ந்த நாளில் அதைப் பற்றி யாருக்கும் நினைவிருப்பதில்லை. நான் இன்று சொல்லப் போவது முழுவதும் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடக்கம்.

முதலில் வியாதியைப் பார்ப்போம். நம் உடம்பில் இரத்தம் ஓரிடத்தில் தங்கி நிற்பதல்ல, இருதயத்திலிருந்து புறப்பட்டுச் சுற்றி மறுபடியும் இருதயத்துக்கே வருகின்றது என்பதை 1628-ம் வருஷத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி என்பவர் கணக்குப் போட்டு நிரூபித்தார். காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டுமே, அதற்கு யார் தள்ளுகிறார்கள்? நாம் நடக்கும்போதும் காலை அசைக்கும்போதும் கெண்டைச் சதை இறுகி, நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. தள்ளிய இரத்தம் கீழே இறங்கிவிடாமல் நாளங்களுக்குள் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. ஆகவே, ஒருவன் அசையாமல் படுக்கையில் கிடந்தால் ஓடுகிற வாய்க்கால் தேங்கின குட்டையாகிவிடுகிறது.

தேங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொன்னவர் ஜெர்மனி தேசத்து ருடால்ப் விர்ச்சோ என்னும் பெரிய ஆராய்ச்சிக்காரர். அவர் 1840-களிலும் 1850-களிலும் பிரேதங்களை அறுத்துப் பார்த்து, நுரையீரல் குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிற கட்டி அங்கேயே உண்டானதல்ல, கால் முதலிய இடங்களின் நாளங்களில் உறைந்து, கழன்று, இரத்தத்தோடு மிதந்து வந்து சிக்கிக்கொண்டது என்று காட்டினார். இரத்தம் நாளத்துக்குள் உறைவதற்கு மூன்று வகைக் காரணம் இன்று சொல்லப்படுகின்றது. ஓட்டம் தேங்குவது ஒன்று. குழாயின் உட்சுவரில் காயம் படுவது இரண்டு. இரத்தமே சீக்கிரம் உறையும் தன்மையை அடைவது மூன்று. எலும்பு முறிவு, பெரிய இரண சிகிச்சை, புற்று நோய், பிரசவம், நெடுநாள் படுக்கை ஆகியவற்றில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ சேர்ந்துவிடுகின்றன.

அப்படிக் காலில் உறைந்த கட்டி கழன்றால் எங்கே போகும்? இரண்டு காலின் நாளங்களும் வயிற்றுக்குள் ஒன்றுசேர்ந்து, முதுகெலும்புக்கு முன்னால் ஒரு பெரிய நாளமாக மேலே ஏறி இருதயத்தின் வலது பக்கத்தில் போய்ச் சேருகின்றது. அங்கிருந்து இரத்தம் நுரையீரலுக்குத் தள்ளப்படுகின்றது. கட்டியும் அதே வழியாகப் போய் நுரையீரல் குழாயில் அடைத்துக்கொள்ளுகின்றது. அடைப்புச் சிறியதானால் மார்வலியும் மூச்சுத் திணறலும் உண்டாகும். பெரியதானால் மனிதன் சில நிமிஷங்களில் இறந்துபோவான். “நேற்று வரை நன்றாயிருந்தான், ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது, கட்டிலை விட்டு எழுந்து நாலடி நடந்தான், விழுந்தான், போய்விட்டான்” என்று கேள்விப்படுகிறோமே, அப்படிப்பட்ட சாவுகளில் சில இந்தக் கட்டியினால் நேர்வன. இதை விதி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பிரேதத்தை அறுத்துப் பார்த்தவர்தான் கண்டுபிடித்தார்.

காரணம் தெரிந்த பிறகு மருந்து வந்தது. 1916-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜே மக்லீன் என்ற மாணவர் இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் அகப்பட்டதோ உறையவொட்டாமல் தடுக்கும் பொருள். நாயின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சரக்கிலிருந்து பிறந்ததே ஹெப்பாரின் என்னும் மருந்து. மற்றொன்றின் கதை இன்னும் வேடிக்கையானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பூத்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் மாகாணத்து விவசாயி ஒருவர், உறையாத இரத்தத்தைப் பால் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, செத்த கிடாரியையும் கெட்டுப்போன புல்லையும் வண்டியிலேற்றி, கார்ல் லிங்க் என்பவருடைய ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டுபோனார். அந்தப் புல்லின் விஷத்தை ஆராய்ந்ததன் பலனாக வந்ததே வார்பரின் என்னும் மருந்து. அது 1948-ல் எலி பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. மாட்டைக் கொன்ற விஷமே அளவோடு கொடுத்தால் மனிதனைக் காக்கின்றது. அந்த விவசாயி மட்டும் மாடு செத்ததற்குக் கண்ணேறு கழித்துவிட்டு வீட்டிலிருந்திருந்தால் அந்த ஆராய்ச்சிக்கு வழி ஏது?

இந்த மருந்துகள் உண்மையில் உயிர் காக்கின்றனவா என்றும் பரீட்சை செய்து பார்த்தார்கள். 1960-ல் இங்கிலாந்தில் பாரிட், ஜோர்டன் என்ற இரு டாக்டர்கள் நுரையீரல் அடைப்புக்காரர்கள் 35 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்து கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் அந்த அடைப்பினாலேயே இறந்தார்கள். மருந்து கொடுக்கப்பட்ட 16 பேரில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. அன்று முதல் இரத்தத்தை உறையவொட்டாமல் தடுக்கும் மருந்தே இந்த வியாதிக்கு முதல் சிகிச்சை. இன்று வாயால் விழுங்கும் புது மாத்திரைகளும் வந்திருக்கின்றன. கட்டிக்கு முக்கிய சிகிச்சை மருந்துதான், சல்லடையல்ல என்பதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சல்லடை கட்டியைக் கரைக்காது. புதிதாகக் கட்டி உண்டாவதையும் தடுக்காது. உண்டான கட்டி மேலே போகும்போது வழி மறிக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் சல்லடை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு மனிதனுக்கு மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது. அதே சமயத்தில் காலில் கட்டியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தால் மூளையில் இரத்தம் அதிகமாகக் கசிந்து சாவான். கொடுக்காவிட்டால் கட்டி நுரையீரலுக்கு ஏறிச் சாவான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமை. இந்த நிலைமைக்காகத்தான் டாக்டர்கள் வேறு வழி தேடினார்கள்.

முதலில் அவர்கள் செய்தது முரட்டு வேலை. வயிற்றைக் கிழித்து அந்தப் பெரிய நாளத்தையே நூலால் கட்டிவிட்டார்கள். கட்டி மேலே போகாதுதான்; இரத்தமும் போகாதே! கால்கள் வீங்கின, புண்ணாயின. ஏற்கனவே நோயாளியாயிருப்பவன் அந்தப் பெரிய இரண சிகிச்சையைத் தாங்க முடியாமல் இறந்துபோவதும் உண்டு. பிறகு நாளத்தை முழுவதும் அடைக்காமல் இடுக்கி போட்டுச் சந்துகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கும் வயிற்றைத் திறந்தாக வேண்டும். 1967-ல் அமெரிக்காவில் மயாமி நகரத்தில் காசி மொபின்-உத்தீன் என்னும் டாக்டர், வயிற்றைத் திறக்காமல் கழுத்து நாளத்தின் வழியாகவே உள்ளே செலுத்தி விரிக்கக்கூடிய ஒரு சிறு குடையைச் செய்தார். பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அந்தக் குடையும் பலருக்கு நாளத்தை அடைத்துவிட்டது. சிலருக்கு இடம்விட்டு நகர்ந்தும் போயிற்று.

அப்புறம் 1973-ல் லாசர் கிரீன்பீல்ட் என்ற டாக்டர், கார்மன் கிம்மெல் என்ற எண்ணெய்க் கிணற்று இஞ்சினீயரோடு சேர்ந்து ஒரு சல்லடையை வெளியிட்டார். எண்ணெய்க் குழாயில் எண்ணெய் ஓட்டம் நிற்காமல் கசடை மட்டும் பிடித்துவைப்பது எப்படி என்பது அந்த இஞ்சினீயருக்குத் தெரிந்த தொழில். அதே யோசனைதான் இரத்தக் குழாய்க்கும் வந்தது. ஆறு மெல்லிய கால்கள். மேலே ஒரு முனையில் கூடியிருக்கும். கீழே விரிந்து நாளத்தின் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும். கட்டி வந்தால் நடுவில் உச்சியில் போய்த் தங்கும். ஓரங்களில் இரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும். கூம்பின் உயரத்தில் 100-க்கு 70 பாகம் வரை கட்டி நிறைந்தாலும் ஓட்டத்துக்கான வழியில் ஏறக்குறையப் பாதிதான் அடைபடும். கூம்பின் கணக்குத் தெரிந்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் இதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய்க் கிணற்று வேலைக்காரனிடம் டாக்டர் பாடம் கேட்டதில் அவருக்கு ஒன்றும் கௌரவம் குறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அறிவு எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளுகிறவனே அறிவாளி.

இந்தச் சல்லடைகளெல்லாம் நிரந்தரமாக உள்ளேயே இருக்க வைக்கப்பட்டவை. ஆனால் ஆபத்தோ பெரும்பாலோருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள்தான். மூளைக் கசிவு நின்றால் மருந்து ஆரம்பிக்கலாம். எலும்பு கூடினால் நடக்கலாம். சில வார ஆபத்துக்கு ஆயுள் முழுவதும் கம்பி எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்துதான் எடுக்கக்கூடிய சல்லடை பிறந்தது. அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து இலாகா 2003, 2004-ம் வருஷங்களில் இவ்விதமான பல சல்லடைகளை அனுமதித்தது. பல சல்லடைகள் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகத்தால் செய்யப்படுகின்றன. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிச் சாலையில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த உலோகத்தைச் சுருட்டி மெல்லிய குழாய்க்குள் அடைத்துச் செலுத்தலாம். உடம்பின் சூட்டில் வெளிப்பட்டதும் தன் பழைய வடிவத்துக்கே விரிந்துவிடும்.

வைப்பதும் எடுப்பதும் எப்படி என்று சொல்லுகிறேன். தொடை இடுக்கிலோ கழுத்திலோ மரத்துப்போகும்படி ஊசி போட்டு, நாளத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே, மூத்திரக் காய்களின் நாளங்கள் வந்து சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே சல்லடையை விரித்து விடுகிறார்கள். எடுக்கும்போது பெரும்பாலும் கழுத்து வழியாகவே குழாயை இறக்குகிறார்கள். சல்லடையின் உச்சியில் தூண்டில் முள்ளைப் போல ஒரு சிறு கொக்கி இருக்கிறது. அதில் சுருக்குக் கம்பியை மாட்டிப் பிடித்துக்கொண்டு, குழாயை அதன் மேல் தள்ளினால் குடையை மடக்குகிற மாதிரி கால்கள் மடங்கிக் குழாய்க்குள் அடங்கிவிடும். வெளியே இழுத்து எடுத்துவிடுவார்கள். சல்லடையில் பெரிய கட்டி சிக்கியிருக்கிறதா என்று முன்னதாகப் படம் எடுத்துப் பார்ப்பார்கள்; இருந்தால் சில நாள் தள்ளிப் போடுவார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. காலத்தில் செய்தால் பலர் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

நிற்க, இவ்வளவு அழகாகச் செய்யப்பட்ட சாமானின் பேரில் குறை என்ன என்று பார்ப்போம். எடுக்கக்கூடியது என்ற பெயர் வந்தவுடனே டாக்டர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “வேண்டுமானால் பிறகு எடுத்துக்கொள்ளலாமே” என்று, வேண்டியவர்களுக்கும் வைத்தார்கள், வேண்டாதவர்களுக்கும் வைத்தார்கள். அமெரிக்காவில் 1979-ல் சுமார் 2,000 பேருக்கு வைக்கப்பட்ட சல்லடை 1999-ல் சுமார் 49,000 பேருக்கு வைக்கப்பட்டது. எடுக்கக்கூடியவை வந்த பின் அந்தத் தொகை இன்னும் பல மடங்காகப் பெருகிற்று.

வைத்தார்கள், எடுத்தார்களா? பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் 2003-ம் வருஷத்திலிருந்து 2011 வரை வைக்கப்பட்ட சல்லடைகளின் கணக்கை அந்த ஊர் டாக்டர்களே எடுத்து 2013-ல் வெளியிட்டார்கள். எடுக்கக்கூடிய சல்லடை 679 பேருக்கு வைக்கப்பட்டிருந்தது. அதில் வெற்றிகரமாக எடுக்கப்பட்டது எத்தனை தெரியுமா? 58! அதாவது 100-க்கு 9 கூட இல்லை. பாக்கி 621 பேர் என்ன ஆனார்கள்? சிலர் வேறு நோயினால் இறந்திருக்கலாம்; சிலருக்கு அது நிரந்தரமாகவே வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் எத்தனையோ பேர் தங்கள் வயிற்றுக்குள் இப்படி ஒன்று இருப்பதை மறந்தே போய் நடமாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? யாரும் கொடியவர்களாக இருந்ததனாலல்ல. வேலை பங்கு போடப்பட்டிருந்ததனால்தான். வைக்கச் சொன்னவர் ஒரு டாக்டர். வைத்தவர் ஒரு டாக்டர். வார்டில் பார்த்தவர் வேறொருவர். வீட்டுக்குப் போன பின் பார்ப்பவர் நாலாமவர். எடுப்பது யார் பொறுப்பு? ஒவ்வொருவரும் மற்றவர் பொறுப்பென்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கோ, வைக்கும்போது நினைவே இல்லை. நினைவு வந்த பின் சொன்னவர் யாருமில்லை. நாலு வீட்டுக்குப் பொதுவான கிணற்றைத் தூர் வாருவதற்கு ஆளில்லாமல் போகிற மாதிரிதான் இதுவும்.

“கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டுமே, சும்மாதானே கிடக்கிறது?” என்று கேட்கிற தோழர்களும் இருப்பார்கள். சும்மா கிடப்பதில்லை, தோழர்களே! நாளாக நாளாகச் சல்லடையின் கால்களை நாளத்தின் உட்சுவர் மூடி வளர்ந்துவிடுகின்றது. சல்லடை சாய்ந்து கொக்கி சுவருக்குள் புதைந்துகொள்ளுகின்றது. சில சமயம் கால்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொள்ளுகின்றன. சில சமயம் கால் முறிந்து, முறிந்த துண்டு இரத்தத்தோடு இருதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விடுகின்றது. சில சமயம் சல்லடையே அடைத்துக்கொண்டு இரண்டு காலும் வீங்குகின்றன. 2010-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து இலாகா ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 2005 முதல் அதற்கு வந்த புகார்கள் 921. அவற்றில் சல்லடை இடம்விட்டு நகர்ந்தது 328. துண்டுகள் கழன்று இரத்தத்தோடு போனது 146. நாளத்தைத் துளைத்தது 70. கம்பி முறிந்தது 56. இவை வந்த புகார்கள் மட்டுமே. இத்தனை பேருக்கு வைத்ததில் இத்தனை பேருக்குக் கெட்டது என்ற கணக்கல்ல. ஆகவே இதைக் கேட்டு யாரும் வீண் பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் சும்மா கிடக்கும் என்ற பேச்சு பொய் என்பதற்கு இது போதும்.

அதே இலாகா 2014-ல் மறுபடியும் ஒரு அறிக்கை விட்டது. நுரையீரல் அடைப்பு ஏற்படாமல் முன்ஜாக்கிரதையாகச் சல்லடை வைக்கப்பட்டவர்களைப் பற்றிக் கணக்கிட்டுப் பார்த்ததில், ஆபத்து நீங்கிவிட்டதானால், வைத்த 29-வது நாளிலிருந்து 54-வது நாளுக்குள் எடுத்துவிடுவதே லாபம் என்று தெரிவித்தது. வைத்த டாக்டர்களும் பின்னால் பார்க்கும் டாக்டர்களும் சல்லடை வேண்டாத நிலை வந்ததும் எடுப்பதைப் பற்றி யோசிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொல்லிற்று.

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. சல்லடை வைத்தால் உயிர் பிழைக்கிறார்களா? “கட்டி வருகிற வழியில் வலை கட்டினால் கட்டி நிற்கும், கட்டி நின்றால் சாவு குறையும், இதற்கு நிரூபணம் வேறு வேண்டுமா?” என்று தோன்றும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை. பிரெஞ்சு தேசத்து டாக்டர்கள் இதைச் சோதித்தார்கள். காலில் கட்டியுள்ள 400 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல் இரண்டு பங்காகப் பிரித்து, எல்லோருக்கும் மருந்து கொடுத்து, ஒரு பங்குக்கு மட்டும் நிரந்தரச் சல்லடையும் வைத்தார்கள். முடிவு 1998-ல் வெளிவந்தது. முதல் 12 நாளில் நுரையீரல் அடைப்பு, சல்லடை வைத்தவர்களில் 100-க்கு 1.1, வைக்காதவர்களில் 4.8. நல்லதுதான். ஆனால் 2 வருஷம் பார்த்ததில், காலில் மறுபடியும் கட்டி உண்டானது வைத்தவர்களில் 20.8, வைக்காதவர்களில் 11.6. சாவில் வித்தியாசமில்லை. 8 வருஷம் பார்த்து 2005-ல் வெளியிட்ட கணக்கிலும் நுரையீரல் அடைப்புக் குறைவு, கால் கட்டி அதிகம், சாவில் வித்தியாசமில்லை என்றே ஏற்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்ட கதைதான்.

“அது நிரந்தரச் சல்லடை, எடுக்கக்கூடியதானால் வேறாயிருக்கும்” என்றார்கள். அதையும் சோதித்தார்கள். நுரையீரல் அடைப்புள்ள 399 பேர். எல்லோருக்கும் மருந்து. ஒரு பங்குக்கு எடுக்கக்கூடிய சல்லடை. 3 மாதத்தில் எடுப்பதென்று ஏற்பாடு. 2015-ல் வந்த முடிவு: 3 மாதத்துக்குள் மறுபடியும் அடைப்பு வந்தவர்கள் சல்லடைக்காரர்களில் 6 பேர், வைக்காதவர்களில் 3 பேர். ஆகவே, மருந்து சாப்பிடக்கூடியவனுக்குச் சல்லடையும் சேர்த்து வைப்பதால் லாபம் இல்லை என்பது தெளிவாயிற்று. அந்தப் பரீட்சையில் சல்லடையை எடுக்க முயன்ற 164 பேரில் 153 பேருக்கு எடுக்க முடிந்தது என்பதையும் பாருங்கள். எடுப்பதென்று நாள் குறித்து ஆள் வைத்துக் கவனித்தால் எடுக்க முடிகின்றது. பாஸ்டனில் எடுபடாமல் போனதற்குக் கம்பி மட்டும் காரணமல்ல, கவனிப்பு இல்லாததுதான் பெருங்காரணம்.

2019-ல் ஆஸ்திரேலியாவில் பலத்த காயம்பட்ட 240 பேரிடம் செய்த சோதனையிலும், எல்லோருக்கும் முன்கூட்டியே சல்லடை வைப்பதால் 90 நாளில் நுரையீரல் அடைப்போ சாவோ குறையவில்லை என்று ஏற்பட்டது. ஆனால் அதில் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. காயத்தினால் 7 நாள் வரையிலும் மருந்து கொடுக்க முடியாமற்போனவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, சல்லடை வைத்த 46 பேரில் ஒருவருக்கும் அதற்குப் பின் அடைப்பு வரவில்லை. வைக்காத 34 பேரில் 5 பேருக்கு வந்தது. சிறு தொகைதான், முடிந்த முடிவு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மருந்து கொடுக்கவே முடியாதவனுக்குத்தான் சல்லடை என்ற பழைய காரணம் நியாயமானது என்பதற்கு அது துணை செய்கின்றது.

இதைச் சொன்னவுடனே ஒரு கூட்டத்தார் சந்தோஷப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். “பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதை! கம்பியை வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். இதற்கு நம் தாயத்தும் மந்திரமும் மோசமா?” என்பார்கள். அவர்களை நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் யார்? தாயத்துக் கட்டினவரா? அதே டாக்டர்கள், அதே ஆஸ்பத்திரியார், தங்கள் சொந்தக் கணக்கை எடுத்து, 679-ல் 58-தான் என்று ஊரறிய அச்சடித்தார்கள். தாயத்துக் கட்டியவர்களில் இத்தனை பேர் பிழைத்தார்கள், கட்டாதவர்களில் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்த மந்திரவாதியாவது கணக்கு வெளியிட்டதுண்டா? தன் தப்பைத் தானே எண்ணிப் பார்க்கிற வித்தைக்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். சல்லடைக்கு அந்தப் பெயரல்ல. எண்ணிப் பார்ப்பதற்கே அந்தப் பெயர்.

மற்றொரு கூட்டத்தாருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. “டாக்டர் வைத்தார், அவருக்குத் தெரியாததா? நாம் கேட்கலாமா?” என்பவர்கள் இவர்கள். கையில் கட்டின கயிறும் வயிற்றில் வைத்த கம்பியும், காரணம் கேளாமல் நம்பப்படுகிறபோது இரண்டும் ஒன்றேதான். கேள்வி கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டர் கேள்வியை விரும்புவார். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியார் சல்லடை வைத்தவர்களின் பெயரைப் பதிவு செய்து, அவர்களைத் தேடிப்பிடித்து எடுப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். அதன் பிறகு எடுக்கப்படுகிற விகிதம் ஏறக்குறைய இரட்டித்தது. புது யந்திரம் ஒன்றும் அவர்கள் வாங்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதைத் தினம் பார்க்க ஒரு பொறுப்பான ஆளும்தான் வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படிச் சல்லடை வைக்க வேண்டுமென்று சொல்லப்பட்டால் கேட்க வேண்டியவை இவை:

1. இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை ஏன் கொடுக்க முடியாது? கொடுக்க முடியுமானால் சல்லடை எதற்கு?

2. வைக்கப் போவது நிரந்தரமானதா, எடுக்கக்கூடியதா? அதன் பெயர் என்ன?

3. எந்த நிலைமை ஏற்பட்டால் எடுக்கலாம்? உத்தேசமாக எந்தத் தேதியில்?

4. எடுப்பது யார் பொறுப்பு? அவரை எங்கே, எப்படிப் பார்ப்பது?

5. மருந்தை எப்போது ஆரம்பிப்பது?

இந்த ஐந்துக்கும் பதிலை வாயால் வாங்காமல், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படித்துப் பார்த்து, அந்தத் தேதியைச் சுவரில் தொங்குகிற காலண்டரில் குறித்து வையுங்கள். பண்டிகைத் தேதியை ஒருவன் மறந்தால் நஷ்டமில்லை. இந்தத் தேதியை மறந்தால் நஷ்டம் உடம்புக்கு.

ஏற்கனவே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்பவர்களும் இருக்கலாம். அவர்கள் பயந்து நடுங்கவும் வேண்டாம். காலம் கடந்துவிட்டதென்று கைவிடவும் வேண்டாம். தேர்ந்த டாக்டர்கள் வருஷங்கள் கழித்தும் எடுத்திருக்கிறார்கள். சுவரில் புதைந்ததை விடுவிக்க இடுக்கி வைத்தும், லேசர் ஒளி பாய்ச்சும் குழாய் வைத்தும் எடுக்கிறார்கள். அந்தக் குழாயை அமெரிக்க இலாகா 2021-ல் அனுமதித்திருக்கிறது. மருந்தே சாப்பிடக்கூடாத சிலருக்குச் சல்லடை உள்ளேயே இருப்பதும் சரியாயிருக்கலாம். எது சரி என்பதை அவரவர் நிலைமையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் யோசித்து உள்ளே விட்டிருப்பது வேறு. மறந்து உள்ளே விட்டிருப்பது வேறு. முன்னது வைத்தியம், பின்னது அலட்சியம்.

கடைசியாக, சல்லடை வரைக்கும் போகாமலே இருக்க ஒரு வார்த்தை. ஒரே காலில் திடீரென்று வீக்கமும் வலியும் கண்டால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத் திணறல், மூச்சு இழுக்கும்போது மார்வலி, இருமலில் இரத்தம் இவை கண்டால் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆபரேஷன் ஆனவரை, டாக்டர் அனுமதித்த அன்றே எழுப்பி நடக்க விடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர் தானாக அதை நிறுத்தவும் கூடாது. தானாக அளவைக் கூட்டவும் கூடாது.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் இந்தக் கணக்குகளைச் சொல்லிக் கேளுங்கள், ஒத்திட்டுப் பாருங்கள், சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள். ஆனால் கேளாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.